இரண்டு கம்பிகளின் சாட்சி

ஆகஸ்ட் மாத வெயில் வஹ்ரான் நகரத்தைப் போட்டு வறுத்துக்கொண்டிருந்தது. மதியத் தொழுகை முடிந்து கடைக்காரர்கள் எல்லாரும் தகரக் கதவை இறக்கிவிட்டு வீட்டில் படுத்துக் கிடந்தார்கள். தெருவில் ஈ காக்கை இல்லை. மொக்தாரியா தன் பழைய வேனை யாஸ்மீன் கல்யாண மண்டபத்தின் வாசலில் நிறுத்தினாள். இஞ்சினை அணைத்த பிறகும் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே அந்தக் கட்டடத்தை முறைத்துக்கொண்டிருந்தாள்.

பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் அது சினிமாக் கொட்டகை. ஜன்னல் என்று ஒன்று கூடக் கிடையாது. நடுப்பகலிலும் உள்ளே நள்ளிரவுதான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் இந்த மண்டபத்தின் மேடையில்தான் சவுண்டு போடுகிற அவள் அண்ணன் பூஸியான் செத்துப்போனான். கையில் மைக்கோடு செத்துப்போனான். மண்டபத்தின் முதலாளி ஹாஜ் பெனவ்தா இரண்டு சாட்சிகளைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஒருவன் பரிமாறுகிறவன், இன்னொருவர் அவருக்கு வேண்டப்பட்ட டாக்டர். பையனுக்கு இதயம் நின்றுவிட்டது என்று இரண்டு பேரும் ஒரே வார்த்தையை ஒரே மாதிரி சொன்னார்கள். போலீஸ்காரர் தலையாட்டிவிட்டுப் போனார். எல்லாரும் விதி என்றார்கள். அம்மாவும் விதி என்று நம்பி, அழுது, அடங்கிப்போனாள்.

மொக்தாரியா அடங்கவில்லை. அன்றைக்கு, அடித்தாளத்தை அதிர வைக்கிற சப்வூஃபர் பெட்டியின் ஒயர் பழசு. அதன் முனையில் இருந்த பிளக் மட்டும் புத்தம் புதுசு. அதைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். சொல்லிப் பார்த்தாள். துக்கத்தில் உளறுகிறாள் என்றார்கள்.

இன்றைக்கு ஹாஜ் பெனவ்தாவே அவளைக் கூப்பிட்டிருந்தார். ராத்திரி அவர் மகள் இக்ராமுக்குக் கல்யாண விருந்து. பெண்கள் மட்டும் கூடும் விருந்து. ஆண்பிள்ளை ஒருவனும் உள்ளே காலெடுத்து வைக்க முடியாது. பாட வருகிறவர்கள் பெண்கள், தட்ட வருகிறவர்கள் பெண்கள், சவுண்டு போடவும் பெண் வேண்டும். ஊரில் இந்த வேலை தெரிந்த மற்ற பெண்கள் வந்து பார்த்துவிட்டு, சாமானைக் கூட எடுக்காமல் ஓடிவிட்டார்களாம். உள்ளே ஏதோ உறுமுகிறது என்று காரணம் சொன்னார்களாம்.

அவள் கூலிக்காக வரவில்லை. அந்த ஆள் தன் வாயால் உண்மையைச் சொல்ல வேண்டும். அதைக் கேட்காமல் இந்த வாசற்படியைத் திரும்பத் தாண்டுவதில்லை என்ற முடிவோடு வந்திருந்தாள்.

வாசலில் ஹாஜ் பெனவ்தா நின்றிருந்தார். வெள்ளை அங்கி, மழித்த கன்னம், வாய் நிறையச் சிரிப்பு. பார்த்ததுமே மொக்தாரியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வா பொண்ணே, வா வா. அம்மா சௌக்கியமா?"

"உயிரோட இருக்காங்க."

"பூஸியான் தங்கமான பையன். என்ன பண்றது, அவனோட விதி..."

"விதியைப் பத்தி அப்புறம் பேசலாம் ஹாஜ். மொதல்ல லைட்டைப் போடுங்க."

சரவிளக்கு எரிந்தது. ஆனாலும் மூலைகளில் இருட்டு அப்படியே கிடந்தது. பன்னீர் வாசனை, பழைய திரைச்சீலையின் புழுக்கம். இரண்டுக்கும் அடியில் மெலிதாக ரப்பர் கருகின வாடை. அந்த வாடையை அவள் மூக்கு மறந்திருக்கவில்லை.

மேடையின் இரண்டு பக்கமும் ஆளுயர ஸ்பீக்கர்கள். நடுவில், மணமகள் உட்காரும் ஜரிகை நாற்காலிக்குப் பக்கத்தில், அதே சப்வூஃபர். முன்னால் இரும்பு வலை போட்ட கறுப்புப் பெட்டி. அதன் மேல் ஒரு மைக் படுத்திருந்தது.

"இதை இன்னும் தூக்கிப் போடலையா?"

"நல்ல பெட்டிதானே. வயித்தைக் குலுக்கற மாதிரி அடிக்கும். அது இல்லாம பொம்பளைங்க ஆட மாட்டாங்க."

பெட்டியின் அடியில், பலகையோடு சேர்த்துத் திருகாணி போட்ட ஒரு சின்ன இரும்பு டப்பா இருந்தது. அதன் மூடியில் ஆணியால் கீறிய பெயர்: பூஸியான். மிக்ஸரிலிருந்து வரும் ஒரு லைனை இரண்டாகப் பிரித்து ஸ்பீக்கருக்கு ஒன்றும் சப்வூஃபருக்கு ஒன்றும் அனுப்புவதற்காக அவன் தன் கையால் செய்த டப்பா. ஆளைப் புதைத்துவிட்டு அவன் உழைப்பை மட்டும் வைத்துக்கொண்டார்கள். ஆனால் அந்த டப்பாவில் எதுவும் செருகியிருக்கவில்லை. அதை ஒதுக்கிவிட்டு, யாரோ ஒரு கேபிளை வெட்டி, இன்னொரு கேபிளை அதன் வயிற்றில் ஒட்டிப் பிரித்திருந்தார்கள்.

அவள் ஒட்டைப் பிரித்துப் பார்த்தாள். ரத்தம் கொதித்தது.

"எந்த எருமை மாடு இப்படி ஒட்டினது?"

"கடைப் பையன் ஒருத்தன். ஏன்?"

"இவன் கையில கேபிளைக் குடுத்ததுக்கு உங்களைச் சொல்லணும்."

பேலன்ஸ்டு லைன் என்று அவர்கள் தொழிலில் சொல்கிற கேபிளுக்குள் பாட்டைச் சுமக்க இரண்டு கம்பிகள் இருக்கும். அவற்றைச் சுற்றி உறையாக ஒரு பின்னல் கம்பி. பூஸியான் அதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்த விதம் வேறு. "ரெண்டு சாட்சி மொக்தா. ஒருத்தன் நடந்ததை நேரா சொல்றான், இன்னொருத்தன் அதையே தலைகீழா சொல்றான். போற வழியில எவனாவது ரெண்டு பேர் காதுலயும் ஒரே பொய்யை ஓதினா, அந்தப் பக்கம் போய்க் கழிச்சுப் பாக்கறப்ப பொய் செத்துப்போகும். பாட்டு மட்டும் மிஞ்சும்." கடைப் பையன் தலைகீழ்ச் சாட்சியை முறுக்கி உறையோடு சேர்த்துக் கட்டியிருந்தான். ஒரு சாட்சி போனால் வழியில் இருக்கிற குப்பையெல்லாம் உள்ளே வரும். உறுமாமல் என்ன செய்யும்?

இவ்வளவுதானா என்று அவளுக்கு ஏமாற்றமாகக் கூட இருந்தது. தன் கேபிள்களை எடுத்துவந்து அண்ணனின் டப்பாவிலேயே செருகினாள். உள்ளே வருவது ஒன்று, வெளியே போவது இரண்டு. சப்வூஃபர் பக்கத்து உறையை மட்டும் டப்பாவுக்குள்ளேயே துண்டித்து வைக்க அவன் ஒரு சுவிட்சும் வைத்திருந்தான். உறுமலை நிறுத்த அதுதான் ஒழுங்கான வழி. அதைத் தட்டிவிட்டு, மண்டபத்தின் கடைக்கோடியில் இருந்த மிக்ஸருக்கு நடந்தாள்.

பழைய நாட்களில் அவள் இடம் இதுதான். அவன் மேடையில் நிற்பான். மற்றவர்களைப் போல ஒன்று இரண்டு மூன்று என்று எண்ண மாட்டான். நாக்கை இரண்டு தடவை சுண்டுவான். டொக். டொக். அப்புறம், "மொக்தா, கேக்குதா?" என்பான். அவள் இங்கிருந்து கையைத் தூக்கிக் காட்டுவாள். அன்றைக்கும் நாக்கைச் சுண்டினான். கேள்வி மட்டும் வரவேயில்லை.

அவள் மிக்ஸரைப் போட்டாள்.

உறுமல் வந்தது.

தாழ்ந்த, கனத்த ஒலி. காதில் விழுவதற்கு முன்னால் காலடித் தரை வழியாக முழங்காலுக்கு ஏறியது. சரவிளக்கின் கண்ணாடிகள் கிணுகிணுத்தன.

"பாத்தியா, பாத்தியா?" ஹாஜ் மேடையோரத்திலிருந்து கத்தினார். "நீயும் அவ்வளவுதானா?"

அவள் ஒலியைக் கூட்டிக் குறைக்கிற எல்லாத் தண்டுகளையும் கீழே இழுத்தாள். மிக்ஸரிலிருந்து இப்போது ஒன்றும் போகவில்லை. உறுமல் போய்க்கொண்டிருந்தது. கேபிளின் முனைகளைப் பார்த்தாள். எல்லாம் சரி. இரண்டு சாட்சிகளும் இடத்தில் இருக்கிறார்கள். வழியில் ஏறுகிற குப்பையாக இருந்தால் இந்நேரம் கழிபட்டுச் செத்திருக்க வேண்டும். இது சாகவில்லை.

அப்படியானால் இது வழியில் ஏறியதில்லை. ஒரு கம்பியில் நேராகவும் ஒரு கம்பியில் தலைகீழாகவும், பாட்டை அனுப்புவது போல முறைப்படி, யாரோ இதை அனுப்புகிறார்கள்.

அவள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள்.

உறுமல் ஒரே சீராக இல்லை. ஏறியது. இறங்கியது. நின்று மறுபடி ஏறியது.

மூச்சு விடுவது போல.

கோபத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சு விடுவது போல.

டொக்.

டொக்.

மொக்தாரியாவின் கை தானாகப் பாதி உயர்ந்தது. பிறகு விரல்கள் மடங்கின. பயம் வந்தது, இல்லை என்று சொல்வதற்கில்லை. ஆனால் பயத்தைவிட வேகமாக வேறொன்று வந்தது. இவன் இப்படிப் பல்லைக் கடிக்கிறவன் இல்லை. சாந்தமான பிள்ளை. சாப்பாட்டில் உப்பு இல்லாவிட்டாலும் வாய் திறக்க மாட்டான். அவனை இப்படி ஆக்கி இந்தப் பெட்டிக்குள் போட்டு வைத்திருக்கிறார்கள்.

அவள் விடுவிடுவென்று மேடைக்கு நடந்தாள். கிட்டே போகப் போகக் கருகின வாடை கூடியது. சப்வூஃபரின் பின்னால் சுவரோடு குனிந்து, டார்ச்சை அடித்தாள்.

பிளக்குக்குக் கொஞ்சம் முன்னால் ஒயரின் மேல் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. நகத்தால் கிளப்பினாள். ஒயரின் மேல்தோலைக் கீறி, மஞ்சளும் பச்சையுமான எர்த் கம்பியை மட்டும் வெளியே இழுத்து நறுக்கியிருந்தார்கள். செம்பின் வெட்டுவாய் பளபளவென்று மின்னியது. அழுக்குக் கூடப் படியவில்லை. இன்றைக்குக் காலையில் நறுக்கியது.

எல்லாம் விளங்கிவிட்டது. உறுமலை நிறுத்த இன்னொரு வழியும் உண்டு, மடையர்களின் வழி. பெட்டியின் எர்த்தை நறுக்கிவிட்டால் உறுமல் நின்றுவிடும். பெட்டிக்குள் கரண்டு கசிந்தால் அது போக்கிடம் இல்லாமல் இரும்பு வலையில் காத்துக் கிடக்கும். ஒரு கை வலையிலும் ஒரு கை மைக்கிலுமாக யாராவது பிடிக்கிற வரைக்கும். பூஸியான் தன் டப்பாவில் உறையை ஒழுங்காகத் துண்டித்திருந்தான், பெட்டிக்கு எர்த் இருக்கிறது என்ற நம்பிக்கையில். அந்த எர்த்தை இந்த ஆள் அவனுக்குத் தெரியாமல் நறுக்கியிருக்கிறார். ஒரு கொலை போதாது என்று, அதே பெட்டியில், அதே கம்பியை, இன்றைக்குத் தன் வீட்டுக் கல்யாணத்துக்கே மறுபடி நறுக்கியிருக்கிறார்.

"ஹாஜ்! இந்த எர்த் கம்பியை யார் வெட்டினது?"

"எனக்கென்னம்மா தெரியும்? எலி கிலி கடிச்சிருக்கும்."

"எலி கடிச்சிட்டு டேப்பும் சுத்திட்டுப் போச்சா? என் காதுல பூ சுத்தாதீங்க."

"மரியாதையாப் பேசு. வேலை தெரிஞ்சா செய்யி, இல்ல கிளம்பு."

அவள் மறுபடி குனிந்தாள். பெட்டிக்குப் பின்னால் செய்ய வேண்டியதைச் செய்தாள். கொஞ்ச நேரம் அப்படியே அசையாமல் இருந்தாள். நிமிர்ந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை. வலது கை முதுகுக்குப் பின்னால் இருந்தது. உறுமல் இன்னும் ஒரு படி ஏறியிருந்தது.

"சரி, வேலையை முடிச்சிடலாம்," என்றாள். "அந்த மைக்கை எடுங்க."

"நானா? எதுக்கு?"

"உங்க பொண்ணு கல்யாணம். நீங்கதானே மொதல்ல வாழ்த்தணும்? எடுத்து பிஸ்மில்லா சொல்லுங்க. இன்னொரு கையைப் பெட்டி மேல ஊனிக்கங்க, வயசாச்சில்ல."

ஹாஜின் இரண்டு கைகளும் அங்கிக்குள் போய் ஒளிந்துகொண்டன.

"எனக்குத் தொண்டை சரியில்ல."

"உங்களுக்குத் தொண்டை சரியில்ல. எங்கண்ணனுக்கு இதயம் சரியில்ல. இந்த மேடைல ஏறினா ஆளுக்கு ஒண்ணு சரியில்லாமப் போயிடுது, இல்ல?"

"பொண்ணே, வேணாம்..."

"எடுய்யா!"

மரியாதை அத்தோடு போனது. அவர் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. ஒரு அடி பின்னால் வைத்தார்.

அப்போது வாசல் பக்கம் பெண்களின் சிரிப்புச் சத்தம். மணமகளின் குளியலுக்காக ஹம்மாமுக்குப் போயிருந்தவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள். கதவைத் தள்ளிக்கொண்டு இக்ராம் ஓடிவந்தாள். ஈரத்தலையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வெறுங்காலோடு மேடையில் ஏறினாள்.

"அக்கா, மைக் வேலை செய்யுதா? வெளியில எல்லாரும் நிக்கறாங்க. நான் ஒரு குலவை போட்டுப் பாக்கறேன், தெருவே அதிரணும்!"

மொக்தாரியா அவளைத் தடுக்கவில்லை. பார்வையை ஹாஜின் முகத்தை விட்டு எடுக்கவில்லை.

ஈரக்கை ஒன்று இரும்பு வலையின் மேல் ஊன்றப் போனது.

இன்னொன்று மைக்கை நோக்கி நீண்டது.

"தொடாதே!"

அந்த அலறல் மண்டபத்தின் சுவர்களில் மோதித் திரும்பியது. ஹாஜ் பாய்ந்து மகளைப் பிடித்துத் தள்ளினார். இரண்டு பேரும் ஜரிகை நாற்காலியைச் சாய்த்துக்கொண்டு விழுந்தார்கள்.

"கரண்டு! அதுல கரண்டு இருக்கு! தொட்டா செத்துடுவே!"

இக்ராம் முழங்கையைத் தேய்த்துக்கொண்டு எழுந்தாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்ப்பா?"

அவர் அங்கியில் ஒட்டிய தூசியைத் தட்டினார்.

"எப்படித் தெரியும்னு கேக்கறேன்ல?"

"நான்தான்... கம்பியை நறுக்கினேன். காலையில. இந்த உறுமல் நிக்கணும்னு. வர்றவங்க சிரிப்பாங்களேன்னு... ராத்திரி யார் மைக்கைப் புடிச்சாலும் பெட்டியைத் தொடாம ஆள் வெச்சுப் பாத்துக்கலாம்னு நெனச்சேன்."

"பாத்துக்குவியா?" மொக்தாரியா ஒரு அடி முன்னால் வந்தாள். "என் அண்ணனைப் பாத்துக்கிட்ட மாதிரியா? அன்னைக்கும் நீதானே?"

உறுமல் ஏறியது. சரவிளக்கு ஆடியது. மேடைப் பலகைகள் நடுங்கின. சாய்ந்து கிடந்த நாற்காலியின் ஜரிகைக் குஞ்சங்கள் ஒன்றோடொன்று உரசின.

"சொல்லு!"

"அன்னைக்கும் நான்தான்," என்றார் ஹாஜ் பெனவ்தா. சொன்ன பிறகு கொட்டத் தொடங்கிவிட்டார். "நறுக்கக் கூடாதுன்னு பூஸியான் படிச்சுப் படிச்சு சொன்னான். அவன் தெருமுனைல கரன்திக்கா வாங்கித் தின்னப் போனான். அந்த நேரத்துல நறுக்கிட்டேன். அவன்கிட்ட சொல்லல. சொன்னா பெட்டியைக் கழட்டிப் போட்டுடுவான். அப்புறம் அவன் விழுந்ததும் நான்தான் பிளக்கை மாத்தினேன். டாக்டர்கிட்டயும் மத்தவன்கிட்டயும் என்ன சொல்லணும்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன். மண்டபத்தை இழுத்து மூடிடுவாங்கம்மா. எனக்குக் குடும்பம் இருக்கும்மா..."

"எங்க வீட்டுல என்ன, குடும்பம் இல்லாம காட்டுலயா இருந்தோம்?"

இக்ராம் தகப்பனிடமிருந்து விலகி நின்றாள். ஈரத்தலையோடு, பற்கள் கிட்டித்துப்போய், மொக்தாரியாவின் பக்கத்தில் வந்து நின்றாள். அழவில்லை.

"நான் கேட்டேன் அக்கா," என்றாள் மெதுவாக. "இவர் வெளியில போய் நேர்மாறாச் சொல்லுவார். நீங்க சொல்றதுக்குச் சாட்சியா நான் நிக்கறேன். எந்த இடத்துல வேணும்னாலும் வந்து சொல்றேன். இன்னைக்கு இங்க விருந்து கிடையாது."

கேட்க வந்ததை மொக்தாரியா கேட்டுவிட்டாள். நெஞ்சு குளிரும் என்று மூன்று வருஷமாக நினைத்திருந்தாள். ஒரு துளியும் குளிரவில்லை. கருகின வாடை மூக்கை அடைத்தது. கால்களின் வழியாக அந்த உறுமல் ஏறிக்கொண்டே இருந்தது, தன் கோபம் எது, அவன் கோபம் எது என்று பிரிக்க முடியாதபடி.

ஹாஜ் பெனவ்தா இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு தரையில் சுருண்டிருந்தார். "அதான் சொல்லிட்டேனே! எல்லாத்தையும் சொல்லிட்டேனே! இன்னும் ஏன் நிக்க மாட்டேங்குது? அந்தப் பெட்டியை நிறுத்தும்மா! பிளக்கைப் புடுங்கு! உனக்குப் புண்ணியமாப் போகும், பிளக்கைப் புடுங்கு!"

உறுமல் சட்டென்று நின்றது.

மண்டபத்தில் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. வெளியில் நின்ற பெண்களின் சிரிப்பும் ஓய்ந்துபோயிருந்தது. பெட்டியின் இரும்பு வலைக்குப் பின்னால் அந்தப் பெரிய கறுப்பு வட்டம் மெல்ல முன்னால் வந்தது. பின்னால் போனது.

டொக்.

டொக்.

"மொக்தா, கேக்குதா?"

மூன்று பேருக்கும் கேட்டது.

மொக்தாரியா முதுகுக்குப் பின்னால் வைத்திருந்த வலது கையைப் பழைய வழக்கப்படி தலைக்கு மேல் உயர்த்திக் காட்டினாள். அந்தக் கையில், ரொம்ப நேரத்துக்கு முன்பே சுவரிலிருந்து பிடுங்கிய சப்வூஃபரின் பிளக் இருந்தது.